சாப்வித் கேமல் காக்பிட்டின் தோல் திண்டுகள்: 1/16 அளவில் ஒரு குஷன் வேலை

முதல் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் போர்விமானமான சாப்வித் கேமலின் 1/16 அளவு மாதிரி ஒன்றைக் கட்டிவருகிறேன். அதன் காக்பிட்டில் உள்ள தோல் வேலையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, எபாக்சி புட்டியில் வடித்து, வண்ணம் தீட்டிப் பொருத்திய விதத்தை இந்தப் பதிவில் எழுதுகிறேன். இருக்கையின் மேல் கிடக்கும் தோல் திண்டு, பிரம்பு இருக்கையின் மேல்விளிம்பைச் சுற்றிய தோல் பட்டை, காக்பிட் திறப்பின் ஓரம் முழுவதும் ஓடும் திணிப்படைத்த தோல் உருளை ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் மேல்மூடி இல்லாத காக்பிட் ஆகையால், மாதிரியைப் பார்க்க வருபவர்கள் முதலில் குனிந்து நோக்குவது இந்த இடத்தைத்தான். இறக்கைக் கம்பிகளும் இயந்திரமும் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், திண்டு வழவழப்பான பிளாஸ்டிக் கட்டியாக இருந்தால் அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்து பறந்தார் என்ற நம்பிக்கை வராது.

கேமல் விமானத்தை 1916 டிசம்பர் 22 அன்று இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் திடலில் சாப்வித் நிறுவனத்தின் சோதனை விமானி ஹாரி ஹாக்கர் முதன்முதலாகப் பறக்கவிட்டார். 1917ஆம் ஆண்டின் நடுவில் அது போர்முனைக்குச் சென்றது. இயந்திரம், இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள், விமானி, அவர் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் தொட்டி என்று எடை மிகுந்த எல்லாமே உடலின் முன்பகுதியில் சுமார் 7 அடி நீளத்துக்குள் நெருக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்த நெருக்கடியில் விமானியின் உடல் உராயும் முக்கிய இடங்கள் தோல் போர்த்தியவை. நான் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் வான்படைப் பிரிவான 28ஆம் ஸ்குவாட்ரன் 1917 அக்டோபரில் பிரான்சுக்குக் கொண்டுசென்ற விமானங்களில் ஒன்று. தலைப்பாகையின் மேல் பொருந்தும்படி செய்யப்பட்ட பெரிய தலைக்கவசத்தோடு பறந்த இந்திய விமானி ஹர்தித் சிங் மாலிக் அந்த ஸ்குவாட்ரனில்தான் இருந்தார். அக்டோபர் 26 அன்று நடந்த வான்சண்டையில் காலில் குண்டடிபட்ட நிலையில் விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்து உயிர்பிழைத்தார். இந்தத் தெரிவு குஷன் வேலையையும் பாதிக்கிறது. ஸ்குவாட்ரன் பிரான்சுக்கு வந்ததே அந்த மாதம்தான் என்பதால், விமானங்கள் சில வாரங்களே பழகியவை. ஆகவே தோல் கிழிந்தும் திணிப்பு பிதுங்கியும் இருப்பதுபோல் செய்வது பொருந்தாது. புதிய தோல், ஆனால் எண்ணெய் குடித்த தோல் என்பதே நான் பிடிக்க வேண்டிய தோற்றம்.

புட்டியைப் பிசைவதற்கு முன்பு சுருக்கம் எங்கே விழுகிறது, ஏன் விழுகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். தோலை ஓரிடத்தில் தையலோ ஆணியோ பிடித்திருக்கிறது. இன்னோரிடத்தில் உள்ளிருந்து திணிப்பு தள்ளுகிறது அல்லது மேலிருந்து உடல் அமுக்குகிறது. பிடிப்புக்கும் தள்ளலுக்கும் இடையில் தோல் எங்கே மிஞ்சுகிறதோ அங்கே மடிப்பாகத் திரள்கிறது. எங்கே போதாமல் போகிறதோ அங்கே விறைத்து நிற்கிறது. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்திலெல்லாம் கோடு கீறினால் அது தோலாகத் தெரியாது.

இதை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் பைக் சீட்டுக்கு உறை போடும் குஷன் கடையில் அரைமணி நேரம் நின்றால் போதும். எங்கள் ஊர்க் கடையில் நான் பார்த்தபோது, கடைக்காரர் பழைய உறையை உரித்துவிட்டுப் புதிய ரெக்சினை நுரையின் மேல் போர்த்தி, முதலில் முன்னையும் பின்னையும் மட்டும் இழுத்து அடிப்பலகையில் ஸ்டேப்ளர் அடித்தார். உடனே சீட்டின் நீளவாக்கில் இழுவிசை ஓடிய திசையிலேயே நீண்ட மடிப்புகள் எழுந்தன. பிறகு பக்கங்களை இழுத்து அடித்ததும் அவை ஒவ்வொன்றாக மறைந்து, சீட் வட்டமாக முடியும் பின்மூலைகளில் மட்டும் மிஞ்சிய ரெக்சின் சிறு சுருக்கங்களாகத் திரண்டு நின்றது. அவற்றை விரலால் பங்கிட்டு, கீழ்ப்பக்கமாக மடக்கி அடித்துவிட்டார். தொடைக்கு இடம் விட்டுச் சீட் உள்வாங்கும் இடுப்புப் பகுதியில் நிலைமை நேர்மாறாக இருந்தது: அங்கே உறை நுரையில் படியாமல் பாலம் போட்டதுபோல் தூக்கி நின்றது, ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டுகள் கொடுத்த பிறகுதான் படிந்தது. வெளிவளைவில் மிச்சம், உள்வளைவில் பற்றாக்குறை என்ற இந்த ஒரே விதி, சிறு அளவுத் திண்டில் நான் எடுத்த முடிவுகள் அனைத்துக்கும் அடிப்படையாக இருந்தது.

அடுத்தது அளவுக் கணக்கு. திண்டின் அகலம் சுமார் 40 செ.மீ. என்று கொண்டால், 1/16 அளவில் அது 25 மி.மீ. ஆகிறது. 1.5 மி.மீ. தடிமனுள்ள தோல் 0.09 மி.மீ. ஆகிவிடுகிறது; அதாவது தோலின் தடிமனைக் காட்டுவது கிட்டத்தட்ட இயலாது, காட்டவும் வேண்டியதில்லை. ஓரத் தையலை ஒட்டி ஓடும் உருண்டை விளிம்பான பைப்பிங் 6 மி.மீ. என்றால் 0.375 மி.மீ.; 5 மி.மீ. நீளத் தையல் 0.3 மி.மீ. இந்த 0.3 மி.மீ. தான் எல்லைக்கோடு. அதைக் கருவியால் பதிக்க முடியும், கண்ணாலும் காண முடியும். 1/32 அளவில் அதே தையல் 0.15 மி.மீ. ஆகும்போது பதிப்பதைவிடப் பள்ளக்கோடு ஒன்று மட்டும் இழுத்துவிட்டு வண்ணத்தில் காட்டுவது நல்லது. 1/48 அளவில் தையலைத் தொடவே கூடாது. அங்கே தையலைச் செதுக்கினால் கப்பல் கயிறு போட்டுத் தைத்ததுபோல் பருத்துத் தெரியும். தோலின் மயிர்த்துளைகளும் அப்படியே. 1/16 அளவிலும் அவை தெரிய நியாயமில்லை. ஆனாலும் பலர் பழைய பல்துலக்கும் தூரிகையால் புட்டியின் மேல் குத்திக் குத்தி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். இதை நான் முற்றிலும் தவிர்க்கிறேன். அந்த அளவில் அது தோலாகத் தெரியாமல் ஆரஞ்சுப்பழத் தோலாகத்தான் தெரியும்.

புட்டித் தெரிவைப் பொறுத்தவரை, இரண்டு பகுதிகளைச் சம அளவில் பிசைந்து இறுகவைக்கும் எபாக்சி வகைகளே இந்த வேலைக்கு உகந்தவை. மில்லிபுட் வெள்ளை வகை மிக நுண்ணியது. தண்ணீர் தொட்ட விரலால் நீவினால் ஓரம் ஒன்றுமில்லாமல் கரைந்து அடித்தளத்தோடு சேர்ந்துவிடும், இறுகிய பின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். ஆனால் மடிப்பின் கூர்மை அதில் நிற்காது. மெல்ல இளகி மழுங்கும். நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாகும் கிரீன் ஸ்டஃப் வகை ரப்பர்போல் இழுபடும். எழுப்பிய மடிப்பு எழுப்பியபடியே நிற்கும். அதற்கு ஈடாக, இறுகிய பின் அதைத் தேய்ப்பது கடினம். இரண்டையும் தனித்தனியாகப் பிசைந்து, பிறகு பாதிக்குப் பாதி சேர்த்துப் பிசைந்தால் இருவகைக் குணமும் கிடைக்கிறது. தோலின் மேற்பரப்புக்கு நான் பயன்படுத்தியது அந்தக் கலவையைத்தான். குழாய்க் கசிவை அடைக்கும் எபாக்சியை உட்கருவுக்குப் பயன்படுத்தலாம். மேற்பரப்புக்கு அதன் மணிகள் பருமனானவை. பிசையும்போது கையுறை அணிவதும், தேய்க்கும்போது முகக்கவசம் அணிவதும் கட்டாயம். இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடியது.

உண்மையான திண்டு எப்படித் திணிப்பும் தோலுமாக இரண்டு அடுக்குகளால் ஆனதோ, அப்படியே மாதிரித் திண்டையும் இரண்டு அடுக்குகளாகச் செய்வதுதான் இந்த முறையின் சாரம். முதலில் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடுகளை அடுக்கி ஒட்டி, இறுதி அளவைவிட எல்லாப் பக்கமும் அரை மி.மீ. குறைவாகத் திண்டின் உட்கருவை வெட்டிக்கொண்டேன். அதன் மேற்புறத்தில் விமானியின் உடல் அமுக்கிய பள்ளத்தைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் கடைந்தேன். இந்தப் பள்ளத்தைக் கிண்ணம்போல் நடுவில் குடைந்துவிடுவது வழக்கம். உட்கார்ந்த உடல் அப்படி அமுக்குவதில்லை. இடுப்பெலும்பு ஊன்றும் பின்பாதியில் பள்ளம் ஆழமாகவும் அகலமாகவும் இருக்கும். அங்கிருந்து தொடைகள் முன்னோக்கி விரியும் திசையில் இரண்டு ஆழமற்ற வாய்க்கால்கள் பிரியும். அவற்றுக்கு நடுவே முன்புறத்தில் ஒரு சிறு மேடு அமுங்காமல் மிஞ்சும். சில வாரங்களே பழகிய திண்டு என்பதால் ஆழமான இடத்திலும் முக்கால் மி.மீ.க்கு மேல் கடையவில்லை.

மேல்தோலுக்கான புட்டியை, டால்கம் பவுடர் தூவிய இரண்டு பாலிதீன் தாள்களுக்கு நடுவில் வைத்து, இருபக்கமும் அரை மி.மீ. ஸ்டைரீன் பட்டைகளைத் தண்டவாளம்போல் போட்டு, கண்ணாடிக் குப்பியை உருட்டித் தேய்த்தேன். பட்டைகளின் உயரத்தைவிடக் குப்பி கீழே இறங்க முடியாது என்பதால் தகடு எங்கும் ஒரே தடிமனில் வருகிறது. தேய்த்த உடனே போர்த்தக்கூடாது. அப்போது அது தொட்ட இடமெல்லாம் ஒட்டும், இழுத்தால் கிழியும். சுமார் அரைமணி நேரம் விட்டால் விரல்ரேகை பதியும், ஆனால் விரலில் ஒட்டாது என்ற பதம் வரும். வெயில் காலத்தில் இந்தப் பதம் விரைவில் வந்து விரைவில் போய்விடும் என்பதால், வேலை செய்யும் துண்டை மட்டும் வெளியில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பாலிதீனோடு ஃப்ரீசரில் வைத்துவிடுவது நல்லது. குளிரில் இறுகும் வேகம் வெகுவாகக் குறைகிறது.

பதம் வந்த தகட்டை உட்கருவின் மேல் போர்த்தி, நடுப்பள்ளத்திலிருந்து ஓரத்தை நோக்கி, தண்ணீரில் நனைத்த சிலிகான் முனைக் கருவியால் நீவிப் படியவைத்தேன். ஓரத்தை எட்டும்போது நான்கு மூலைகளிலும் தகடு மிஞ்சுகிறது. அதை வெட்டி எறியாமல், குஷன் கடைக்காரர் செய்ததுபோல் சிறு சுருக்கங்களாகப் பங்கிட்டுப் பக்கச்சுவருக்கு இறக்கினேன். அங்கே விழுந்த மடிப்புகள் புட்டி தானாகவே எழுப்பியவை. கருவி அவற்றைக் கூர்மைப்படுத்தியதோடு சரி.

மடிப்பைக் கூர்மைப்படுத்தும் அசைவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கருவியின் முனையை மடிப்பு தொடங்கும் தையலோரத்தில் ஊன்றி, வெளிநோக்கி இழுத்துக்கொண்டே அழுத்தத்தைக் குறைத்துவந்தால், தொடக்கத்தில் ஆழமாகவும் முடிவில் சுவடே இல்லாமலும் ஒரு பள்ளம் கிடைக்கிறது. அடுத்த பள்ளத்தை முதலாவதுக்கு இணையாக இழுக்காமல், சற்றுத் தள்ளித் தொடங்கி அதை நோக்கிச் சாய்த்தால், இரண்டுக்கும் நடுவில் ஒரு முகடு எழுந்து நிற்கும். அந்த முகட்டின் ஒரு சரிவு செங்குத்தாகவும் மறுசரிவு படிந்தும் இருக்க வேண்டும்; இரண்டும் ஒரே சரிவாக இருந்தால் உழுத வயல்போல் தெரியும். அருகருகே உள்ள இரண்டு மடிப்புகளின் நீளம் ஒன்றாக இருக்கலாகாது. நீண்ட மடிப்பு ஒன்று பாதி வழியில் கிளைபிரிந்து இரண்டாக மெலிந்து மறைவது தோலுக்கே உரிய தோற்றம். தொடைப்பள்ளம் முடிந்து முன்விளிம்பு உயரும் இடத்தில் மட்டும், பள்ளத்துக்குக் குறுக்காக இரண்டு மூன்று மெல்லிய மடிப்புகள் இழுத்தேன். முழங்கால் மடங்கும் இடத்தில் தோல் திரும்பத் திரும்ப அமுங்கி நெளிவதால் வருபவை அவை. மற்ற இடங்களை ஒன்றும் செய்யாமல் விட்டேன். விறைப்பாக நிற்கும் வெற்றிடம் அருகில் இருந்தால்தான் சுருக்கம் சுருக்கமாகத் தெரிகிறது.

புட்டி முழுவதும் இறுகுவதற்குள் இடுப்பு வாரின் அழுத்தத்தையும் பதித்துக்கொள்ள வேண்டும். களிம்பு டியூபின் அலுமினியத் தகட்டைப் பிரித்துத் தட்டையாக்கி, அதிலிருந்து வாரை வெட்டி, திண்டின் மேல் அது விழுந்து கிடக்கும் விதத்தில் வளைத்து, ஈரம் தொட்டு மெதுவாக அழுத்தி எடுத்துவிட்டேன். பின்னால் வண்ணம் தீட்டிய வாரை அதே தடத்தில் வைக்கும்போது, அது திண்டின் மேல் மிதக்காமல் எடையோடு அமர்கிறது.

பைப்பிங்கிற்குப் புட்டியைத் திரித்து நூலாக்குவதைவிட மோட்டார் வைண்டிங் கம்பி எல்லா வகையிலும் மேலானது. ரீவைண்டிங் கடைகளில் கழித்துப்போடும் செப்புக்கம்பி, தடிமனைக் குறிக்கும் எஸ்.டபிள்யூ.ஜி. எண் வாரியாகக் கிடைக்கும். 28ஆம் எண் கம்பி 0.376 மி.மீ. தடிமன் கொண்டது, நமக்கு வேண்டிய 0.375க்கு இதைவிட நெருக்கமாக ஒன்று அமையாது. கம்பியைத் தீயில் செந்நிறம் வரும்வரை காட்டி ஆறவிட்டால் மேலுள்ள எனாமல் பூச்சு கருகி உதிர்வதோடு, செம்பு நூல்போல் இளகி எந்த வளைவுக்கும் மடங்கும். திண்டின் மேல்விளிம்பில் கத்தியின் பின்புறத்தால் ஒரு வாய்க்கால் இழுத்து, அதில் கம்பியைப் பாதி புதையும்படி பதித்து, இரு முனைகளும் சேரும் இடத்தைத் திண்டின் பின்பக்கத்தில் மறைத்தேன். தையற்காரர்கள் துணியில் குறியிட உருட்டும் பற்சக்கரமான டிரேசிங் வீல் இந்த அளவுக்கு மிகவும் பெரியது. பழைய கைக்கடிகாரத்தின் சிறிய பல்சக்கரம் ஒன்றை ஊசியில் கோத்து, கம்பியை ஒட்டி உருட்டினால் தையல்துளைகள் சீரான இடைவெளியில் விழுகின்றன. உருட்டும் வேலையைப் புட்டி முக்கால் பங்கு இறுகிய பிறகு செய்வது நல்லது. அதற்கு முன் செய்தால் பற்கள் புட்டியைக் கிள்ளிக்கொண்டு வரும்.

இனி காக்பிட் விளிம்பின் தோல் உருளை. மூன்று வேலைகளிலும் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இதுவே. கேமல் விமானத்தை சாப்வித் நிறுவனம் மட்டுமன்றி, பவுல்ட்டன் அண்ட் பால், ரஸ்டன் ப்ராக்டர் போன்ற ஒப்பந்த நிறுவனங்களும் கட்டின. ஒரே தொழிற்சாலை விமானங்களிலும் படைப்பிரிவுகள் தம் வசதிக்கேற்ப மாற்றங்கள் செய்துகொண்டன. ஆகவே விளிம்பு வேலையில் 'இதுதான் சரி' என்ற ஒரே வடிவத்தைத் தேடாமல், ஒரு குறிப்பிட்ட பழைய புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பின்பற்றுவது நல்லது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ள என்6812 என்ற வரிசை எண் விமானம், பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தின் எஃப்6314, போலந்தின் கிராக்கோவ் நகரில் உள்ள பி7280 ஆகிய மூலவிமானங்களின் படங்கள் அமைப்பைப் புரிந்துகொள்ளப் பேருதவியானவை. ஆனால் நூறாண்டு கடந்த விமானத்தில் தோல் புதுப்பிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், சுருக்கத்துக்கும் தேய்மானத்துக்கும் போர்க்காலப் புகைப்படத்தையே நம்பினேன்.

திறப்பின் வடிவத்துக்கு 1 மி.மீ. செப்புக்கம்பியை வளைத்து உட்கருவாக்கி, அதன் மேல் மெல்லிய புட்டிப் பட்டையைப் போர்த்தி, இரு ஓரங்களையும் வெளிப்பக்கம் கீழே சேர்த்தேன். நேராக இருந்த தோல் குழாயை வளையமாக வளைக்கும்போது உள்பக்கத்தில் தோல் மிஞ்சும், வெளிப்பக்கத்தில் இழுபடும். ஆகவே சுருக்கங்களெல்லாம் விமானியின் மார்பை நோக்கிய உள்பக்கத்தில்தான் விழ வேண்டும். அதிலும் திறப்பு இறுக்கமாக வளையும் பின்மூலைகளில் நெருக்கமாகவும், நேராக ஓடும் பக்கங்களில் அநேகமாக இல்லாமலும் இருக்க வேண்டும். உருளையைச் சுற்றிலும் சம இடைவெளியில் வளையம் வளையமாகக் கீறிவிடும் வழக்கம் இந்த இயல்புக்கு நேர் எதிரானது; அப்படிச் செய்தால் அது தோல் உருளையாகத் தெரியாது, வாஷிங் மெஷின் குழாயாகத் தெரியும்.

விளிம்பை உடலோடு வரிந்து கட்டிய கயிறு அடுத்த கட்டம். கயிறு 2 மி.மீ. என்று கொண்டால் 0.125 மி.மீ.; 40ஆம் எண் வைண்டிங் கம்பி 0.122 மி.மீ. இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். கம்பியைச் சுற்றுவதற்கு முன்னரே, புட்டி இளக்கமாக இருக்கும்போது, கட்டு விழும் ஒவ்வோர் இடத்திலும் கத்தியின் பின்புறத்தால் மெல்லிய அமுக்கம் கொடுத்து, இரண்டு அமுக்கங்களுக்கு நடுவே தோல் சற்று உப்பும்படி விரலால் நீவினேன். இறுகிய பிறகு அந்த அமுக்கங்களின் அடியில் 0.3 மி.மீ. துளையிட்டு, கம்பியை உள்ளும் புறமுமாகக் கோத்தபோது, கம்பிதான் தோலை அமுக்கியிருக்கிறது என்று கண் நம்பிவிடுகிறது. வழவழப்பான உருளையின் மேல் கம்பியை மட்டும் சுற்றினால் இந்த உணர்வு ஒருபோதும் வராது. காக்பிட் விளிம்பில் நான் செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதி இந்த அமுக்கங்களுக்கே போனது. அந்த நேரம் முழுவதும் பயனுள்ளது.

பிரம்பு இருக்கை குஷன் வேலை அன்று என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடித்தகட்டில் துளையிட்டுச் செப்புக்கம்பிகளை நிறுத்தி, மெழுகு தடவிய பருத்தி நூலை ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ளும் வெளியுமாகப் பின்ன வேண்டும். நிற்கும் கம்பிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரே நூல் அறுபடாமல் அடுத்தடுத்த சுற்றில் தானாகவே மாறி விழும். மெழுகு நூலின் மயிர்ச்சிலும்பலைப் படியவைக்கிறது. அதைத் தடவாமல் விட்டால் வண்ணத்துக்குப் பிறகு நூல் நூலாகவே தெரியும். மேல்விளிம்புத் தோல் பட்டைக்குத் திண்டின் மிச்சப் புட்டித் தகடே போதுமானது.

வண்ணத்தில் முதல் அடுக்கு சாம்பல் நிறப் பிரைமர். அதன் மேல் டாமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-64 செம்பழுப்பு வண்ணம். அது உலர்ந்த பின் ஓவியர்களின் எண்ணெய் வண்ணங்களில் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, கரும்பழுப்பான பர்ன்ட் அம்பர் இரண்டையும் அட்டைத்துண்டில் பிதுக்கி, எண்ணெயை அட்டை உறிஞ்சும்வரை விட்டு, பிறகு தூரிகையால் எடுத்தேன். பள்ளங்களில் அம்பரும் முகடுகளில் சியன்னாவும் வைத்து, உலர்ந்த மென்தூரிகையால் இரண்டின் எல்லையையும் தட்டித் தட்டிக் கலக்கும்போது, செதுக்கிய வடிவத்துக்கு ஆழம் கூடுகிறது. எண்ணெய் வண்ணம் உலர நேரம் எடுத்துக்கொள்வதுதான் இங்கே அனுகூலம். அவசரமின்றி ஒவ்வொரு மடிப்பையும் கவனிக்க முடிகிறது.

ஆனால் தோல் தோலாகத் தெரிவது நிறத்தைவிடப் பளபளப்பின் வேறுபாட்டால்தான். உடல் உராயும் இடத்தில் தோல் மெருகேறும். உராயாத பள்ளங்களில் மங்கியே இருக்கும். ஆகவே முழுவதும் மங்கல் வார்னிஷ் அடித்து, திண்டின் தொடைவாய்க்கால்களிலும் முன்விளிம்பிலும் விமானி ஏறும் இடப்பக்க விளிம்பிலும் மட்டும் பாதிப் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாக இழுத்தேன். இதோடு கேமலுக்கே உரிய இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். புரொப்பெல்லரோடு தானும் சேர்ந்து சுழலும் அதன் சுழல் இயந்திரத்துக்கு மசகாக இருந்தது விளக்கெண்ணெய். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பித் தொட்டிக்கு வருவதில்லை. எரிந்ததும் எரியாததுமாக வெளியே சிதறி, காற்றோடு பின்னால் வந்து விமானத்தின் மேலும் விமானியின் மேலும் படியும். அதனால் விளிம்பு உருளையின் முன்பாதியை பர்ன்ட் அம்பரில் சிறிது கறுப்பு கலந்து இருட்டாக்கி, பின்னோக்கி வர வர மெலியவிட்டேன். அந்த இருட்டின் மேல் மட்டும் முழுப் பளபளப்பு வார்னிஷில் ஒழுங்கற்ற சிறு புள்ளிகளும் கசிவுகளும் வைத்தேன். மங்கல், பாதி மெருகு, எண்ணெய்ப் பளபளப்பு என்ற மூன்று நிலைகளும் உருளையின் அந்தக் குறுகிய நீளத்துக்குள்ளேயே அமையும்போது, விளக்கைத் திருப்பினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிறது. தேய்ந்து வெளுத்த ஓரங்களை நான் சேர்க்கவில்லை. சில வாரப் பழக்கத்தில் தோல் அவ்வளவு வெளுக்காது.

இதே முறை மற்ற விமானங்களுக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும். இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரில் விமானி மடித்த பாராசூட்டின் மேலேயே உட்கார்ந்ததால் இருக்கைக் குழியில் திண்டு தேவைப்படவில்லை. முதுகுப்புறத்தில் மட்டும் கறுப்புத் தோல் மெத்தை உண்டு. மெத்தையில் பட்டைபட்டையாகத் தையல் ஓடும் இடங்களில், இரண்டு தையல்களுக்கு நடுவே மேடு எழுப்ப, உட்கருவிலேயே அரைவட்டப் பட்டைகளை ஒட்டிவிட்டு மேலே புட்டித் தகட்டைப் போர்த்துவது, தகட்டில் பள்ளம் தோண்டுவதைவிட இயல்பான விளைவைத் தருகிறது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. மூடிய காக்பிட்டுக்குள் சூப்பர் குளூ பயன்படுத்தினால் அதன் ஆவி வார்னிஷ் மேல் வெண்படலமாகப் படிந்து, பார்த்துப் பார்த்து வைத்த மெருகு வேறுபாடுகளை ஒரே நாளில் அழித்துவிடும். ஆகவே திண்டையும் இருக்கையையும் அரால்டைட் எபாக்சிப் பசையால் ஒட்டினேன். மற்றது வரிசை: திண்டை இருக்கையில் ஒட்டி, வாரின் முனைகளைக் கட்டி, இருக்கையைச் சட்டத்தில் பொருத்தி, மேல்தளத்தை மூடிய பின்னரே விளிம்பு உருளை இறங்க வேண்டும். மாதிரியைக் கையாளும்போது விரல்கள் இயல்பாகப் பிடிக்கும் இடம் காக்பிட் விளிம்பு என்பதால், இறக்கைகளும் கம்பிகளும் முடியும்வரை உருளையைத் தனியே ஒரு தக்கையில் குத்திவைத்து, எல்லாவற்றுக்கும் கடைசியாக அதை ஒட்டுவதாக வைத்திருக்கிறேன்.